கொஞ்சம் மாவுப்பூச்சி இருக்கட்டும்



மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், எனக்கு வருகிற கடிதங்களில் பாதி மரச்சீனியைப் பற்றியவையாக இருக்கும். இந்தத் தடவை அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு விரிவாகவே பதில் எழுதுகிறேன். கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அதே கேள்வியோடு பலர் இருப்பது எனக்குத் தெரியும்.

கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 20 சென்ட் விளையைப் பாட்டத்துக்கு எடுத்து, ஐப்பசியில் சுமார் ஆயிரம் மூடு மரச்சீனி நட்டிருக்கிறார். கணவர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். "செடியின் நுனி எல்லாம் சுருண்டு கொத்துக் கொத்தாக நிற்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு. பக்கத்து விளைக்காரர் இரண்டு மருந்தைக் கலந்து அடித்துவிட்டார். கடையில் எனக்கும் அதையே தருவதாகச் சொல்கிறார்கள், 1,800 ரூபாய் ஆகுமாம். விளைக்குக் கீழேதான் எங்கள் கிணறு. பிள்ளைகள் தின்கிற கிழங்கு. அடிக்கவா, வேண்டாமா?" இதுதான் கேள்வி.

அடிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் பாட்டப் பணம் கொடுத்து நட்டவரிடம் ஒரு வார்த்தையில் அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒட்டுண்ணி என்றால் என்ன, அது ஒட்டியிருக்கிற உயிரோடு எப்படிப் பிழைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குயிலும் காக்கையும்

குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும். காக்கை தன் பிள்ளை என்று நினைத்து இரை கொடுத்து வளர்க்கும். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதில் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஊரில் உள்ள எல்லாக் காக்கைக் கூட்டையும் குயில் கெடுத்துவிட்டால், சில வருடத்தில் காக்கையும் இருக்காது, குயிலும் இருக்காது. காக்கைக் குடும்பம் நடந்தால்தான் குயிலுக்கும் வழி.

பிற உயிரை ஒட்டிப் பிழைக்கிற எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. பலாவிலும் மாவிலும் ஒட்டி வளர்கிற புல்லுருவி, ஆட்டின் குடலில் இருக்கிற புழு, நெல்லுக்குள் புகுகிற ஆனைக்கொம்பன் என்று எதை எடுத்தாலும், இடம் கொடுத்த உயிரை அடியோடு தீர்த்துவிட்டால் அதற்கும் போக்கிடம் இல்லை. இடம் கொடுத்த உயிரும் சும்மா இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நிற்கப் பழகுகிறது. ஒட்டுண்ணி அந்த எதிர்ப்பைத் தாண்டப் பழகுகிறது. இப்படி நெடுங்காலம் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, இரண்டும் அழியாத ஒரு நிலைக்கு வந்து சேர்கின்றன.

இது நடந்ததைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்த இடம் ஆஸ்திரேலியா. அங்கே 1859-ல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் விட்ட முயல்கள் கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலத்தை அழித்தன. 1950-ல் முயலுக்கு மட்டும் வருகிற மிக்சோமா என்ற வைரஸை அரசாங்கமே பரப்பிவிட்டது. தென் அமெரிக்காவின் காட்டு முயலுக்கு அது ஒரு சின்னக் கட்டி, அவ்வளவுதான். பழக்கமே இல்லாத ஐரோப்பிய முயலுக்கோ அது எமன். நோய் பிடித்த நூறில் ஒன்று தப்பியதே அபூர்வம். ஆனால் சில வருடத்துக்குள் இரண்டு மாற்றம் வந்தது. நோயைப் பரப்புவது கொசு. முயல் உடனே செத்துப்போனால் கொசு கடித்து அடுத்த முயலுக்குக் கொண்டுபோக நேரம் இல்லை. அதனால் மெதுவாகக் கொல்கிற வைரஸ் வகை அதிகம் பரவியது. தப்பிய முயல்களின் குட்டிகள் எதிர்ப்போடு பிறந்தன. நோயும் இருந்தது, முயலும் இருந்தது. ஃபிராங்க் ஃபென்னர் என்ற விஞ்ஞானி இதை வருடக்கணக்கில் அளந்து பதிவு செய்தார்.

ஒட்டுண்ணி புதிதாக ஒரு இடத்துக்கு வந்தால் முதலில் பேரழிவு, பழகிய இடத்தில் அடக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டு மரச்சீனிக்கு வருவோம்.

செடி முதலில், பகை பின்னால்

நாம் மரச்சீனி என்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் கப்பை, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு. சொந்த ஊர் தென் அமெரிக்கா. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரைப் பரப்ப முனைந்து நின்றவர். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது இங்கே வயிற்றைக் காத்தது மரச்சீனிதான். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் பஞ்சக் கதையைத் தன் தாய் சொல்லக் கேட்டிருப்பார்.

கடல் கடந்து வந்தபோது இந்தச் செடி தன் சொந்த ஊர்ப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் நாம் கவலையில்லாமல் கம்பு ஊன்றிக் கிழங்கு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பூச்சிகளில் ஒன்றுதான் மரச்சீனி மாவுப்பூச்சி. 1970-களின் தொடக்கத்தில் அது ஆப்பிரிக்காவில் காங்கோ பக்கம் போய்ச் சேர்ந்து, பத்து வருடத்துக்குள் மரச்சீனி விளைகிற நாடுகள் பலவற்றில் பரவியது. அந்த மக்களுக்கு அது அன்றாடச் சோறு, அதனால் பல இடங்களில் பட்டினி. 2008-ல் தாய்லாந்துக்கு வந்தது. 2020-ல் நம் பக்கத்துத் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து சேலம், நாமக்கல், தர்மபுரி என்று ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிற பகுதிகளில் பெரும் சேதம் செய்தது.

இந்தப் பூச்சியில் எல்லாமே பெண்தான். இணை சேராமலே ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு பூச்சி காற்றிலோ கம்பிலோ வந்தால் போதும், ஒரு விளைக்கே வித்து அது. நுனியில் சாறு உறிஞ்சும்போது அதன் எச்சில் செடிக்குள் போய் நுனியைக் குறுக்கிச் சுருட்டிவிடும். சுருண்ட இலைக்குள் பூச்சி பத்திரமாக இருக்கும்.

இப்போது ஒரு விசித்திரம். இதன் சொந்த ஊரில் போய்த் தேடியபோது பூச்சி எளிதில் அகப்படவில்லை. ஆப்பிரிக்காவில் செடிக்குச் செடி இருந்தது, பிறந்த இடத்தில் வருடக்கணக்கில் தேட வேண்டியிருந்தது. அங்கே அதை அடக்கி வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

எள்ளை விடச் சிறிய குளவி

தேடியவர்கள் முதலில் தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் மரச்சீனியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டார்கள். பார்க்க அதே மாதிரி. அதன் குளவிகளைப் பிடித்து ஆப்பிரிக்கப் பூச்சியோடு விட்டுப் பார்த்தார்கள். குளவி வம்சம் நிற்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது வேறு இனம். ஒட்டுண்ணிக்கு இந்த அளவு கணக்கு இருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, குளவிக்கு இல்லை.

1981-ல் பராகுவே நாட்டில் சரியான பூச்சியும் அதன் குளவியும் கிடைத்தன. குளவியின் பெயர் அனகைரஸ் லோபெசி. சோதித்துவிட்டு அதே வருடம் நைஜீரியாவில் விட்டார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் அது நிலைபெற்று, மாவுப்பூச்சியை அடக்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக்கு இந்தக் குளவியை 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தில் அடைத்து வைத்து, நமக்கு நன்மை செய்கிற பூச்சிகளைத் தொடாது என்று சோதித்த பிறகு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் வயலில் விட்டார்கள்.

இது என்ன செய்கிறது? எள்ளை விடச் சிறிய உடம்பு. மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையைச் செருகும். புழு உள்ளேயிருந்து தின்று வளரும். பூச்சி செத்து, உப்பி, பழுப்பு நிறத்தில் கெட்டிப்படும். நாங்கள் இதை 'மம்மி' என்போம். மூன்று வாரத்துக்குள் அந்த மம்மியில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

கடிக்குமா, கொட்டுமா என்று பலர் கேட்பீர்கள். மனுஷரை எதுவும் செய்யாது. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம்.

காக்கையை முழுசாக அழிக்காத குயிலின் கணக்கு இந்தக் குளவிக்கும் உண்டு. குளவி தான் பிடித்த ஒவ்வொரு பூச்சியையும் கொல்கிறது, ஆனால் பூச்சி இனத்தைத் தீர்ப்பதில்லை. பூச்சி குறையக் குறையத் தேடிப் பிடிப்பது கஷ்டமாகி, குளவியும் குறையும். பூச்சி கொஞ்சம் கூடினால் குளவியும் பின்னாலேயே கூடும். பராகுவேயில் பூச்சி அபூர்வமாக இருந்ததும், ஆனாலும் அடியோடு இல்லாமல் போகாததும் இதனால்தான்.

நம் விளைக்கு இதன் பொருள் என்ன என்றால், பூச்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று நாம் ஆசைப்படக் கூடாது. கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்தால்தான் குளவிக்கு அந்த விளையில் குடித்தனம். அடுத்த மாசியில் பூச்சி கிளம்பும்போது காவல்காரன் அங்கேயே இருப்பான்.

நான் செய்த தவறு

இதைப் புத்தகம் பார்த்து மட்டும் சொல்லவில்லை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று வேறொரு பூச்சி வந்தது. அதுவும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வழி வந்த விருந்தாளி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் வரை எதையும் விடவில்லை. அப்போது நான் கொங்கு மண்டலத்தில் வேலை பார்த்தேன். ஒரு பப்பாளித் தோட்டக்காரருக்கு மருந்து எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் பூச்சி திரும்பியது. வீரியம் கூடியதாக இன்னொன்று எழுதினேன். அதுவும் தாண்டிவிட்டது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார். மருந்துச் செலவும் போயிற்று, மரமும் போயிற்று. என்னை அவர் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

2010-ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துத் தமிழ்நாட்டில் விட்டார்கள். அடுத்த வருடத்துக்குள் பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது. நான் மூன்று மருந்தால் செய்ய முடியாததை அந்தக் குளவி செய்தது.

மருந்து ஏன் தோற்றது என்று பிறகு யோசித்தேன். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுச் சட்டை, மருந்து எளிதில் ஒட்டாது. சுருண்ட நுனிக்குள் ஒளிந்திருக்கும், மருந்து போய்ச் சேராது. குளவியோ திறந்த உடம்போடு நாள் முழுக்க இலை மேல் நடந்து தேடுகிறது. அடித்த மருந்தில் முதலில் சாவது குளவிதான். மிஞ்சிய பத்துப் பூச்சி ஒரு மாதத்தில் பல ஆயிரம் ஆகும்போது தடுக்க ஆள் இல்லை. மருந்துக்குத் தப்பிய பூச்சியின் பிள்ளைகள் அதே மருந்தை அடுத்த தடவை இன்னும் சுலபமாகத் தாங்கும்.

குளவிக்கும் பூச்சி எதிர்ப்புக் காட்டும். மாவுப்பூச்சியின் உடம்பு சில சமயம் குளவி முட்டையைச் சுற்றிக் கருப்பாக ஓர் உறை கட்டிக் கொன்றுவிடும். ஆனால் குளவியும் உயிர்தான், அதற்கும் தலைமுறை உண்டு. பூச்சி மாறினால் அதுவும் மாறும். பாட்டிலில் இருக்கிற மருந்து அப்படியே இருக்கும்.

விளையில் கண்டது

கடிதம் வந்த வாரமே அந்தச் சகோதரியின் விளைக்குப் போனேன். சரிவான விளை. மேல் ஓரம் மருந்து அடித்த பக்கத்து விளையை ஒட்டியிருக்கிறது. கீழ் ஓரத்தில் வாழையும் தென்னையும், அதற்குக் கீழே கிணறு.

மேல் வரிசையில் நுனிகளைப் பிரித்துக் கைக்கண்ணாடியால் பார்த்தேன். ஏராளமாகப் பூச்சி, ஒரு மம்மிகூட இல்லை. தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கியது. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு வரும், வந்து குளவியைக் கிட்டே விடாமல் விரட்டும். கீழே இறங்க இறங்க நிலைமை மாறியது. வாழை ஓரத்தில் பத்து நுனி பார்த்தால் நாலைந்தில் பழுப்பு மம்மி. சிலதில் ஓட்டை விழுந்திருந்தது, குளவி வெளியே போயாயிற்று.

அவரிடம் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செத்துக் காய்ஞ்சு கிடக்கு சாரே. இதுக்குள்ள இருந்தா அது வருது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ நான் மருந்து அடிச்சிருந்தா?" அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்து விளையில அடிச்சாச்சு, அங்க உள்ளது எல்லாம் இங்க வந்தா?" என்பது அவருடைய அடுத்த கவலை. நியாயமான கவலைதான். பூச்சி வரலாம். ஆனால் அவர் விளையில் குளவி இருக்கும்வரை வருகிற பூச்சிக்கு இங்கே ஆள் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். இடையில் ஒரு கோடை மழையும் பெய்திருந்தது. மழை பூச்சியைக் கழுவிவிடும், அதனால் எல்லாப் பெருமையையும் குளவிக்கே கொடுக்க மாட்டேன். கீழ்ப் பாதியில் புதுத் தளிர் நேராக வரத் தொடங்கியிருந்தது. நடு வரிசை வரை மம்மி ஏறியிருந்தது. மேல் ஓரத்தில் நூறு மூட்டுக்குக் குறையாமல் அடிபட்டிருக்கிறது, அவற்றில் இந்த வருடம் கிழங்கு குறையும். அதை அவரிடம் மறைக்கவில்லை. 1,800 ரூபாய் அவர் கையில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய பயமும் இல்லை.

என்ன செய்ய வேண்டும்

1. கம்பு எடுக்கும்போதே கவனம். பூச்சி ஊருக்கு ஊர் போவது பெரும்பாலும் நாம் கொண்டுபோகிற கம்பில்தான். பூச்சி கண்ட விளையிலிருந்து கம்பு வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்.

2. வாரம் ஒரு தடவை விளையின் நாலு மூலையிலும் நடுவிலும் நுனிகளைப் பிரித்துப் பாருங்கள். வெயில் காலத்தில்தான் பூச்சி பெருகும்.

3. தொடக்கத்தில் அங்கொன்று இங்கொன்றாக நுனி சுருண்டு, மம்மி எதுவும் இல்லாமல் இருந்தால், அந்த நுனியை ஒடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோய் அழித்துவிடுங்கள். மம்மி தென்பட்டால் அந்த நுனியைத் தொடாதீர்கள். அதற்குள் இருப்பது உங்கள் ஆள்.

4. எறும்பைக் கட்டுப்படுத்துங்கள். விளை ஓரத்துப் புற்றுகளைக் கிளறிக் கலைத்துவிட்டாலே குளவிக்கு வழி திறக்கும்.

5. பூச்சி மிக அதிகமாகி, மம்மியும் இல்லை என்றால், மீன் எண்ணெய் சோப்பு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், அல்லது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம், அடிபட்ட மூடுகளுக்கு மட்டும் நுனி நனையத் தெளிக்கலாம். விளை முழுவதும் அடிக்க வேண்டாம்.

6. தொழுவுரமும் மூடாக்கும் கொடுங்கள். இதற்கும் குளவிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சத்தில்லாத மண்ணில் வளர்கிற செடியில் மாவுப்பூச்சியும் சின்னதாகவே இருக்கும். சின்னப் பூச்சியில் குளவி பெரும்பாலும் ஆண் குஞ்சுக்கான முட்டையையே வைக்கும், பெரிய பூச்சியில்தான் பெண் பிறக்கும். பெண் குளவி குறைந்தால் அடுத்த தலைமுறை குறையும். ஆப்பிரிக்காவில் சத்தற்ற மணல் நிலங்களில் குளவி சரியாக வேலை செய்யாததற்கு இதுவே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மூடாக்கும் உரமும் கொடுத்த இடத்தில் நிலைமை சீரானது. நம் செம்மண் சரிவு விளைகளுக்கு இது அப்படியே பொருந்தும். மண்ணைக் கவனித்தால் காவல்காரனையும் கவனித்ததாகும்.

7. உங்கள் பகுதியில் பூச்சி இருக்கிறது, மம்மி எங்குமே இல்லை என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ சொல்லுங்கள். குளவியைத் தருவிப்பதற்கு வழி கேட்கலாம்.

இந்த இதழின் மற்றக் கேள்விகள்

*மரச்சீனி இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக இருக்கிறது, இலை கோணுகிறது. இதுவும் மாவுப்பூச்சியா? (வாசகர், விளவங்கோடு)*

இல்லை. நுனியில் வெள்ளை மாவு இல்லாமல் இலை மட்டும் திட்டாகிக் கோணினால் அது தேமல் நோய். வைரஸ்தான் காரணம், வெள்ளை ஈ பரப்பும். இந்த வைரஸ் செடியைக் கொல்வதில்லை, உயிரோடு வைத்துக் கிழங்கைக் குறைக்கும். நாமும் நோயுள்ள கம்பையே மறுபடி நட்டு அதை அடுத்த வருடத்துக்குச் சுமந்து போகிறோம். அறுவடைக்கு முன்பே தேமல் இல்லாத மூடுகளைப் பார்த்து அடையாளம் கட்டி, அவற்றில் மட்டும் கம்பு எடுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ ரக்ஷா, ஸ்ரீ சக்தி போன்ற தேமல் எதிர்ப்பு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில்தான், ஒரு நாள் போய் வரலாம்.

*தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருளாக ஈ, கீழ் ஓலையெல்லாம் கரி பூசியது போல் கருப்பு. மரம் பட்டுப்போகுமா? (வாசகி, அகஸ்தீஸ்வரம்)*

பட்டுப்போகாது, பயப்படாதீர்கள். இது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிய வந்தது. கருப்பாக இருப்பது ஈயின் இனிப்புத் திரவத்தில் வளர்கிற பூசணம். இதற்கும் என்கார்சியா என்ற ஒரு குளவி இருக்கிறது. ஓலையின் அடியில் ஈயின் குஞ்சுகள் சில கருப்பாகத் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓலையை வெட்டி எரிக்காதீர்கள். துண்டாக நறுக்கிக் குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடுங்கள். கரும்பூசணத்துக்கு மைதா மாவைப் பசையாக்கி லிட்டருக்கு 25 கிராம் கலந்து தெளித்தால் காய்ந்து உரிந்து விழும். பூச்சி மருந்து வேண்டவே வேண்டாம்.

*வீட்டு மாமரத்தில் புல்லுருவி ஒவ்வொரு வருடமும் வெட்டினாலும் வருகிறது. என்ன செய்ய? (வாசகர், தோவாளை)*

புல்லுருவி தன் இலையில் தானே உணவு சமைத்துக்கொள்ளும். தண்ணீரையும் உப்புச் சத்தையும் மட்டும் மாமரத்திடம் வாங்கும். அதனால் மரம் உடனே சாகாது, வருடக்கணக்கில் மெலியும். அதை மட்டும் வெட்டினால் கிளைக்குள் இருக்கிற உறிஞ்சு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையோடு வெட்டுங்கள், அதுவும் பழம் பழுப்பதற்கு முன். பூக்கொத்திக் குருவி அந்தப் பழத்தைத் தின்று பசையோடு விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிடும். பக்கத்து வீட்டு மரத்தில் இருந்தால் அவர்களையும் கூட்டிச் சேர்ந்து வெட்டுங்கள். ஒரு வீடு மட்டும் வெட்டினால் குருவிக்கு வேலி தெரியாது.

அடுத்த இதழில் கன்னிப்பூ நாற்றங்காலுக்கு விதை தேர்வு பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். ஆனைக்கொம்பன் உங்கள் வயலில் போன பருவம் எப்படி இருந்தது, எந்த ரகம் நட்டிருந்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், சேர்த்துப் பதில் சொல்கிறேன். மரச்சீனி வைத்திருக்கிறவர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளை விளைக்குக் கூட்டிப்போய் நுனியைப் பிரித்து மம்மியைத் தேடச் சொல்லுங்கள். சின்னக் கண்ணுக்கு அது நம்மைவிடச் சீக்கிரம் தெரியும்.